பதினாலாவது மாடியில் ஊர்ப்பேச்சு

விமானத்தில் ஏறி பெல்ட்டை மாட்டுவதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் என் ஊரைக் கேட்டுவிட்டார். சங்கரன்கோவில் என்றேன். அவருக்குக் கடையநல்லூர். அடுத்த கேள்வியும் அவரிடம் தயாராக இருந்தது.

"ஃபேமிலி ஊர்லயா?"

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். வளைகுடாவுக்குப் போய்வருகிற எங்கள் பக்கத்து ஆண்களின் பேச்சில் ஃபேமிலி என்றால் குடும்பம் அல்ல, மனைவி. "ஃபேமிலிக்கு உடம்பு சொகமில்ல" என்றால் மனைவிக்குக் காய்ச்சல். "ஃபேமிலியக் கூப்பிட்டுட்டான்" என்றால் அவன் பெரிய வேலையில் இருக்கிறான், மனைவிக்கு விசா எடுத்துவிட்டான் என்று அர்த்தம்.

"ஃபேமிலி துபாய்லதான் இருக்கா," என்றேன்.

"அப்ப லீவுல வந்துட்டுப் போறியளா?"

"இல்ல பாய். இப்பதான் மொத தடவ போறேன். அவதான் எனக்கு விசா எடுத்துருக்கா."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நர்ஸா இருக்காவளா?"

"இல்ல. இன்ஜினியர்."

"அப்ப நீங்க?"

"நான்தான் பாய் ஃபேமிலி."

அவ்வளவுதான். முன் சீட்டில் கண்ணை மூடியிருந்த தன் கூட்டாளியைத் தட்டி எழுப்பினார். "ஏலே, இங்கன பாருலே. பொண்டாட்டி கூப்பிட்ட ஃபேமிலி வருது!" கூட்டாளி எழுந்து நின்று எனக்குக் கைகொடுத்தார். சாப்பாடு வந்தபோது பாய் தன்னுடைய இனிப்பை என் தட்டில் வைத்தார். புதுப்பெண்ணைக் கூட்டிப்போவது போலவே என்னைக் கூட்டிப்போனார்கள்.

என் மனைவி பெயர் கோமதி. சங்கரன்கோவில் தேரடியில் நின்று அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டால் தெருவில் பாதிப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மன் பெயர் அது. துபாயில் அந்தப் பெயருக்கு அவள் ஒருத்திதான். அவள் தீ பாதுகாப்புப் பொறியாளர். ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தால் புகை எந்தப் பக்கம் போகும், மனிதர்கள் எந்தப் படி வழியாக இறங்குவார்கள், எந்தக் கதவில் முட்டிக்கொண்டு நிற்பார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிற வேலை. சென்னையில் அந்த வேலையில் பேர் வாங்கியிருந்தாள். துபாயில் ஒரு பெரிய ஆலோசனை நிறுவனம் அவளை நேர்முகம் செய்து, மறுவாரமே வரச் சொல்லிவிட்டது. சம்பளத்தை ஊரில் நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

நான் ஊரில் ஒரு தனியார் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். அவள் முன்னால் போய் வீடு பார்த்து, விசா எடுத்துக் கூப்பிட்டதும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவளுக்கு இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. நிரந்தரமானால் இருவரும் அங்கே. ஆகாவிட்டால் இருவரும் பழையபடி சங்கரன்கோவில் பேருந்து நிலையம். ஊரில் இதற்காகவே காத்திருந்தவர்களும் உண்டு. "பொம்பளைய நம்பி வேலைய விட்டுட்டான்" என்ற வாக்கியத்தை என் காது கேட்கவே சொன்னார்கள்.

விமான நிலைய வாசலில் கோமதி நின்றாள். நான்கு மாதத்தில் நடை மாறியிருந்தது. கூட்டத்தைப் பார்த்து ஒதுங்குகிறவள் இப்போது கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு வந்தாள். "பெட்டிய எங்கிட்டத் தாங்க," என்று வாங்கிக்கொண்டாள். நானும் கொடுத்துவிட்டேன். புதுப்பெண் பெட்டி தூக்குவதில்லை.

மெட்ரோ ரயிலில் முதல் விபத்து. அவள் ஏறிய பெட்டியில் பின்னாலேயே நானும் ஏறினேன். நல்ல இடம், நல்ல காற்று, சுற்றிலும் பெண்கள். அபராதம் வாங்காமல் என்னைக் காப்பாற்றியவர் ஒரு பிலிப்பைன்ஸ் அம்மாள். தரையில் ஒரு இளஞ்சிவப்புக் கோட்டைக் காட்டி, "தம்பி, அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில். இது எங்களுக்கு," என்று ஆங்கிலத்தில் சொன்னார். நம் ஊர்ப் பேருந்தில் முன்படி பெண்களுக்கு, பின்படி ஆண்களுக்கு. எழுதி வைக்காமலே எல்லோருக்கும் தெரியும். இங்கே கோடு போட்டு வைத்தும் எனக்குத் தெரியவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, கோமதியை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் என்னைத் தெரியாதது போல ஜன்னலைப் பார்த்தாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போய்விட்டாள். நான் காய்கறி வாங்கப் போனேன். கண்ணாடிக் கதவு, குளிர்காற்று, உள்ளே முருங்கைக்காய். நம் ஊரில் கட்டுக் கட்டாகக் கிடப்பதை அங்கே குழந்தையைப் போல் துணி விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். எங்கள் குடியிருப்பின் காவலாளி நேபாளத்துக்காரர். பையைப் பார்த்துவிட்டு, "மேடம் சம்பாதிக்கிறார், ஐயா சமைக்கிறாரா?" என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். "கொடுத்து வைத்தவர்," என்றார். யாரைச் சொன்னார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாலையில் ஒரு பாகிஸ்தானியர் கடையில் பிரியாணி தின்றோம். தட்டுக்குள் ஒரு முழு உருளைக்கிழங்கு இருந்தது. சங்கரன்கோவில்காரனிடம் பிரியாணியைப் பற்றி யாரும் பாடம் நடத்த முடியாது. சீரகச் சம்பாவும் ஆட்டுக்கறியும் சேர்ந்தால் அங்கே வேறு பேச்சுக்கு இடமில்லை. "இது எதற்கு?" என்று உருளைக்கிழங்கைக் காட்டிக் கேட்டேன். பரிமாறியவர் கராச்சிக்காரர். என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "இது இல்லாமல் எப்படி அண்ணே பிரியாணி என்று சொல்வது?" என்றார். மனதைத் திடப்படுத்திக்கொண்டு தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. ஊரில் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்த நாள் மாலை, ஊர் நடுவே கடல் புகுந்து ஓடும் ஓடைக்கரைக்குப் போனோம். அக்கரைக்குப் போக ஆப்ரா என்று ஒரு மரப்படகு. கோமதி பின்னால் வந்துகொண்டிருந்தாள், கூட்டமோ முண்டியது. நான் பாய்ந்து போய் பலகையில் கைக்குட்டையைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்தேன். பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டே வளர்ந்த உடம்பு. படகோட்டி வங்காளதேசத்துக்காரர். கைக்குட்டையை எடுத்து மடித்து, "சார், கீழே போட்டுவிட்டீர்கள்," என்று மரியாதையாக என் கையில் கொடுத்தார். அந்த இடத்தில் இரண்டு சீனர்கள் உட்கார்ந்தார்கள். கோமதி அக்கரை வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்கரையில் பிச்சிப்பூ விற்றார்கள். மதுரை மல்லி என்றார் கடைக்காரர். பிச்சிக்கும் மல்லிக்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் என்ன பேசுவது? "இது எங்க ஊர்ச் சந்தையில ஏலம் போன பூவாக்கூட இருக்கும்," என்றேன். அவருக்கு எங்கள் ஊரைத் தெரியவில்லை. தெரியவைத்துவிட்டுத்தான் நகர்ந்தேன். கோமதி கடிகாரத்தைக் காட்டினாள். "ஏங்க, போற வாற எடத்துலெல்லாம் இப்பிடி நின்னுட்டா எப்பிடி? எனக்குச் சனிக்கிழமைக்கு ஆயிரம் வேல கெடக்கு."

சனிக்கிழமைதான் விஷயமே. புதிதாகக் கட்டி முடித்த ஒரு முப்பது மாடிக் கட்டடம். அதற்கு அனுமதி கிடைக்க வேண்டுமானால் ஆட்களை நிரப்பி, அபாய மணி அடித்து, குறித்த நேரத்துக்குள் எல்லோரும் படி வழியாக வெளியே வந்தாக வேண்டும். லிப்ட் கிடையாது. கட்டியவர்கள் ஏற்கெனவே ஒரு தரம் நடத்தித் தோற்றிருந்தார்கள். பிறகு வேலை கோமதி கைக்கு வந்தது. எந்த மாடி ஆட்கள் எந்தப் படியில் இறங்குவது என்று முழுவதையும் அவள் மாற்றிப் போட்டிருந்தாள். அரசு அதிகாரி நேரில் வந்து பார்க்கப் போகிறார். அவளுடைய மேலாளர் லெபனான்காரர், நல்ல மனிதர்தான், ஆனால் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: "இது உன் திட்டம். ஜெயித்தால் உன் பெயர். தோற்றால், உன்னை நிரந்தரமாக்கும்படி நான் மேலே கேட்க முடியாது."

வேறொரு சின்னச் சண்டையும் நடந்திருந்தது. அபாய மணியோடு ஒலிக்கிற அறிவிப்பு அரபியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது. கட்டடத்தில் கூட்டுகிறவர்கள், குழாய் பார்க்கிறவர்கள், காவல் காக்கிறவர்கள் பேசுகிற மொழிகளும் வேண்டும் என்று அலுவலகக் கூட்டத்தில் கோமதி கேட்டிருக்கிறாள். இரண்டு மொழி போதும் என்று எல்லோரும் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்களாம். வீட்டுக்கு வந்து வெங்காயத்தை நறுக்கிய வேகத்தில் அந்தக் கோபம் தெரிந்தது.

கட்டடத்தை நிரப்ப ஆட்கள் வேண்டுமே. வேலை செய்த தொழிலாளர்களைக் கூப்பிட்டார்கள். அலுவலகத்தில் உள்ளவர்களின் குடும்பங்களையும் கூப்பிட்டார்கள். நான் குடும்பம்தானே, போனேன். என்னைப் பதினேழாவது மாடியில் கொண்டுபோய் விட்டார்கள். கோமதி தரைத்தளத்தில், கேமராத் திரைகள் உள்ள அறையில், அதிகாரியின் பக்கத்தில் இருந்தாள்.

மணி அடித்தது. ஆங்கிலத்தில் ஒரு குரல், அரபியில் ஒரு குரல். எல்லோரும் ஒழுங்காகப் படியில் இறங்கினோம். முன்னால் ஆள், பின்னால் ஆள், இடைவெளி, எல்லாம் கோமதி வீட்டில் காகிதத்தில் வரைந்து காட்டியது போலவே நடந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பதினாலாவது மாடி வந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பாத்து எறங்குலே, சவத்த மூதி! கால மிதிச்சுட்டான்."

திட்டு என் மேல் இல்லை, வேறொருவன் மேல். ஆனால் அந்தச் சவத்த மூதியைக் கேட்ட பிறகு திரும்பாமல் போக நான் என்ன கல்லா? நின்றேன். திரும்பினேன்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"கரிவலம்வந்தநல்லூரு. நீங்க?"

"சங்கரன்கோவிலு."

"அட, சங்கரன்கோவில்ல எங்கன?"

அவர் பெயர் முத்தையா, குளிர்சாதனக் குழாய் வேலையில் மேஸ்திரி. நான் தெருவைச் சொன்னேன். அவர் தன் தங்கை மகள் படித்த பள்ளியைச் சொன்னார். என் பள்ளிதான். "அந்தச் சரித்திர சார் நீங்கதானா? புள்ள ஒங்களப் பத்திச் சொல்லும்." என்ன சொல்லும் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? அதற்குள் நான்கு படி மேலே இருந்து ஒரு பையன், "அண்ணாச்சி, நான் இளையரசனேந்தலு," என்று கையைத் தூக்கினான். முத்தையா அண்ணாச்சி கேட்கக்கூடாத ஒரு கேள்வியை அவனிடம் கேட்டார்.

"ஊர்ல மழ உண்டாடே?"

வானம் பார்த்த பூமிக்காரர்கள் இந்தக் கேள்விக்கு நடந்துகொண்டே பதில் சொல்ல மாட்டார்கள். பையன் நின்றான். அவன் பின்னால் வந்த இருவர் நின்றார்கள். அவர்களுக்கும் மழையைப் பற்றி, கூரையை அண்ணாந்து பார்த்தபடி, சொல்ல இருந்தது. போன ஐப்பசியில் ஏமாற்றியது, இந்தத் தரம் உளுந்து போட்டது, கண்மாய்க்குத் தண்ணீர் வந்தும் வராதது. அண்ணாச்சி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார்.

நாங்கள் நின்றதால் மேலே படி முழுக்க நின்றது. மலையாளி ஒருவர் "வரிசையா?" என்று கேட்டார். ஒரு பெண், "கீழே கதவு பூட்டியிருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டது காதில் விழுந்தது. பதினாறாவது மாடிக்குப் போவதற்குள் அந்தக் கேள்வி செய்தியாகிவிட்டது. "கதவு பூட்டியிருக்கிறதாம்! மேலே போங்கள்!" என்று இந்தியில் யாரோ கத்தினார்கள். ஆட்கள் திரும்பி ஏறத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோமதி இரவு பகலாகப் போட்ட கணக்கில் புகை இருந்தது, கதவு இருந்தது, காற்று இருந்தது. மழையை விசாரிக்க நிற்கிற புருஷன் இல்லை. "எறங்குங்க, எறங்குங்க," என்று கத்தினேன். என் குரல் நாலு படி தாண்டவில்லை.

ஒலிபெருக்கியில் ஆங்கிலக் குரல் மறுபடி வந்தது. யாரும் அசையவில்லை. அரபி வந்தது. அசையவில்லை. பிறகு கரகரவென்று ஒரு சத்தம், ஒரு மூச்சு, அப்புறம் என் வீட்டுக் குரல்.

"ஏங்க! பதினாலாவது மாடியில நிக்கிற நீலச் சட்ட! ஒங்களத்தான் சொல்லுதேன். மழையக் கீழ வந்து விசாரிச்சுக்கிடலாம். இப்ப எறங்குங்க. தலப்பாத் துண்டு அண்ணாச்சி, நீங்களுந்தான். கதவு தெறந்துதான் கெடக்கு. யாரும் மேல ஏறாதிய. படியில நின்னு பேசாதிய. எறங்குங்க எல்லாரும்!"

கேமராவில் சத்தம் கேட்காது. நாங்கள் மழையைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். "அம்புட்டுப் பேரு அண்ணாந்து அண்ணாந்து பாத்தா வேற என்ன பேசுவிய?" என்றாள்.

படியே சிரித்தது. ஒரு வினாடிதான். முத்தையா அண்ணாச்சி, "யாத்தே, நம்ம ஊர்ப் புள்ளல்லா பேசுது!" என்று என்னைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். தமிழ் தெரிந்தவர்கள் இறங்கியதும் மற்றவர்களும் இறங்கினார்கள். மேலே ஏறியவர்களும் திரும்பினார்கள். திமுதிமுவென்று இல்லை, ஒழுங்காக, வேகமாக. வெளியே வெயிலில் போய் நின்றபோது என் சட்டை நனைந்திருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் நடந்ததைக் கோமதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைசி ஆள் வெளியே வந்தபோது நேரம் மிச்சமிருந்தது, கொஞ்சம்தான். அதிகாரி கேட்டார்: "கடைசியில் நீங்கள் பேசியது என்ன மொழி? என்ன சொன்னீர்கள்?"

பொய் சொல்லியிருக்கலாம். அவசரகாலக் கூடுதல் அறிவிப்பு என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். "தமிழ். படியில் நின்று வம்பளக்காமல் கீழே வரும்படி என் கணவரிடம் சொன்னேன்," என்றிருக்கிறாள்.

அதிகாரி சிரிக்கவில்லையாம். காட்சியைத் திரும்பப் போடச் சொல்லியிருக்கிறார். ஆங்கிலம் முடிகிறது, படி அப்படியே நிற்கிறது. அரபி முடிகிறது, படி அப்படியே நிற்கிறது. மூன்றாவது குரல் வந்ததும் மொத்தப் படியும் நகர்கிறது. இரண்டு தரம் பார்த்துவிட்டு, "இந்தக் கட்டடம் திறந்த பிறகு இரவில் உள்ளே யார் இருப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறார். கூட்டத்தில் சொல்ல விடாத பதிலைக் கோமதி அப்போது முழுவதும் சொன்னாள். யார் யார், எந்தெந்த மொழி, எந்த மொழிக்கு யாரை வைத்துப் பதிவு செய்யலாம் என்பது வரைக்கும். அதற்குப் பிறகுதான் அவர் சிரித்தாராம். தேர்ச்சி என்றார். அந்த மொழிகளையும் சேர்த்த பிறகு கட்டடத்தைத் திறக்கலாம் என்றார்.

வெளியே வந்து கோமதி என்னிடம் இதைச் சொல்லி முடித்தாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினாள். நன்றாகத் திட்டினாள். முத்தையா அண்ணாச்சி நடுவில் வந்து, "விடு தாயி, நாந்தான் பேச்சக் குடுத்தேன்," என்றார். அவருக்கும் சேர்த்து விழுந்தது.

தமிழ்ப் பதிவுக்கு முதலில் யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். "அன்பார்ந்த பயனாளர்களே, அவசரநிலை ஏற்பட்டுள்ளமையால்" என்று ஆரம்பித்தது. அதைக் கோமதி அண்ணாச்சியிடம் வாசித்துக் காட்டினாள். முடியும்வரை மரியாதையாகக் கேட்டார். "எலெக்சன் கூட்டம் மாதிரில்லா இருக்கு. இதுக்கு யாரு எறங்குவா?" என்றார். அவள் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, தானே சொந்தமாகப் பேசினாள். மேலாளரே வந்து, "வேறு குரல் தேட வேண்டாம். அன்றைக்குப் பேசிய அதே குரல் இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்ல வந்தவர் அந்தக் கையோடு அவளை நிரந்தரமாக்கிய செய்தியையும் சொல்லிவிட்டுப் போனார். அன்றே ஊருக்குப் போன் போட்டேன். "பொம்பளைய நம்பி" என்று என் காது கேட்கச் சொன்னவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போட்டேன்.

கட்டடம் திறப்பதற்கு முன் புதிய அறிவிப்புகளை ஒரு தரம் போட்டுப் பார்த்தார்கள். நாங்கள் வாசலில் நின்றோம். முன்புறக் கூடத்திலிருந்து அரபி கேட்டது, ஆங்கிலம் கேட்டது, இந்தி, மலையாளம், வங்காளம் கேட்டது. அப்புறம் அந்த முப்பது மாடியும் என் மனைவியின் குரலில், "எல்லாரும் படி வழியா எறங்குங்க. எங்கயும் நின்னு பேசாதிய. கீழ வந்து பேசிக்கிடலாம்," என்றது.

"ஏங்க, எனக்கு இப்பிடியா குரலு? சளி புடிச்ச மாதிரில்லா இருக்கு," என்றாள் கோமதி.

நான் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. வாசலில் அத்தனை பேர் இருக்க, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.